பாதி வேகம்

பேர் பெற்ற கிட்டார்காரர் யார் ஊருக்கு வந்தாலும் கச்சேரி முடிந்த கையோடு அரங்கின் பின்வாசலில் போய் நின்றுவிடுவான் கண்ணாடி. கையெழுத்து கேட்க மாட்டான். கூட நின்று படம் எடுத்துக்கொள்ள மாட்டான். "ரெண்டாவது பாட்டுல நடுவுல ஒரு இடம் வந்துச்சே, அங்க எந்த விரல் சார்?" என்று மட்டும் கேட்பான். களைத்துப்போய் வண்டிக்குக் காத்திருக்கிற மனுஷனிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டால் யாருக்கும் எரிச்சல்தான் வர வேண்டும். ஆனால் பாருங்கள், பெரும்பாலானவர்கள் பெட்டியைத் திறந்து கிட்டாரை வெளியே எடுத்தார்கள்.

கண்ணாடி என்பது அவன் கண்ணில் இருப்பது அல்ல, பிழைப்பில் இருப்பது. மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைச் சாணையில் தேய்த்து பிரேமுக்குள் உட்காரவைக்கிற வேலை. நாளெல்லாம் முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு, குந்துமணியைவிடச் சின்ன திருகாணிகளோடு மல்லுக்கட்டுவான். வார இறுதியில் ஒரு உணவகத்தில் நாலு பேர் கொண்ட குழுவில் கிட்டார் வாசிப்பான். அங்கே டிரம்ஸ் வாசிக்கிறவர் அவன் மனைவியின் அண்ணன். டமாரம் என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

பின்வாசலில் கற்றுக்கொண்டதையெல்லாம் கண்ணாடி அந்த உணவகத்தில்தான் இறக்கிவைப்பான். கிட்டார்காரர்கள் 'லிக்' என்று சொல்வார்களே, மூச்சு விடுவதற்குள் ஓடி முடிகிற ஒரு குட்டிச் சுர வரிசை, அப்படிப்பட்டவை. ஒரு நெட்டையான ஆள் அவனுக்குக் கம்பியை வளைக்கக் கற்றுக்கொடுத்தார். "ஒத்தை விரலை நம்பாதீங்க. பின்னாடி இருக்கிற விரல் ரெண்டும் தோள் கொடுக்கணும்." இன்னொருவர், வாசிக்காத கம்பிகள் கூடச் சேர்ந்து முனகாமல் உள்ளங்கையின் ஓரத்தால் அடக்கி வைப்பதைக் காட்டினார். ஒரு அம்மா அவன் வாசிப்பதைப் பார்த்துவிட்டு, "எதுக்குங்க இப்படிக் கழுத்தை நெரிக்கிறீங்க? கம்பி தொட்டாலே பேசும்" என்றார். அந்த ஒன்றை மட்டும் கண்ணாடி காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

உணவகத்தில் யார் கேட்டார்கள்? கேட்டது டமாரம் ஒருவர்தான். "மாப்ள, அந்த மூணாவது பாட்டுல ஒரு வளைவு போட்டியே, பிரமாதம். ஒரு முள்கரண்டிகூட நிக்கல" என்பார். கண்ணாடி சிரிப்பான். ஆனால் ஒரே ஒரு தடவை, மென்றுகொண்டிருக்காத ஆட்களுக்கு முன்னால், கேட்பதற்கென்றே வந்து உட்கார்ந்தவர்களுக்கு முன்னால் வாசித்துவிட வேண்டும். அவனுக்கு அந்த ஒன்றுதான் வேண்டியிருந்தது. வயது நாற்பதைத் தாண்டியாகிவிட்டது.

எல்லா லிக்கும் கைக்கு வந்தது, ஒன்றைத் தவிர.

சூறாவளி என்று பெயர் வாங்கிய கிட்டார்காரி ஒருவர் இருந்தார். அவர் இளம் வயதில் போட்ட ஒரு இசைத்தட்டில், பாட்டின் நடுவே மற்ற வாத்தியமெல்லாம் சட்டென்று நின்றுபோகும். அவர் கிட்டார் மட்டும் தனியாக, உச்சியில் ஆரம்பித்து, கடகடவென்று இறங்கி, கண் சிமிட்டுவதற்குள் ஏறிப்போய் ஒரு சுரத்தில் துடித்து நிற்கும். அந்த லிக்கால்தான் அவருக்குச் சூறாவளி என்ற பெயரே வந்தது. அதை வேறு யாரும் வாசித்து ஒருவரும் கேட்டதில்லை. பின்வாசலில் கண்ணாடி அதைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அவங்க விரல் நீளம் என்றார் ஒருவர். சுதி சேர்ப்பதில் ஏதோ ரகசியம் என்றார் இன்னொருவர். "அதை மட்டும் கேக்காதீங்க, எனக்கு மானம் போயிடும்" என்று ஒருவர் பெட்டியை மூடிவிட்டார். சூறாவளியே மேடையில் அந்த இடம் வந்ததும் தான் வாசிக்காமல் டிரம்ஸ்காரரைக் கைகாட்டிவிடுவார். ஒரு முறை செய்ததை மறுபடி செய்ய மாட்டார், அதுதான் மேதைத்தனம் என்று ஊரே பேசியது. கண்ணாடியும் பேசினான். டமாரம் மட்டும், "டிரம்ஸுக்கு இடம் விடுற ஒரே கிட்டார்காரி. தங்கமான பொம்பளை" என்றார்.

வீட்டில் கண்ணாடியிடம், அந்தப் பாட்டை நாடாவில் பதிந்து வைத்திருந்த ஒரு பழைய டேப் ரெக்கார்டர் இருந்தது. அதில் ஒரு விசை. தட்டினால் நாடா பாதி வேகத்தில் ஓடும். லிக் கற்கிறவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் இது. வேகமாக ஓடுவதைப் பாதியாக்கி, ஒவ்வொரு சுரமாகப் பொறுக்கியெடுத்து, கைக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டுவார்கள். பாதி வேகத்தில் கிட்டாரின் குரலும் தணிந்து, கரகரவென்று ஆண்குரல் மாதிரி ஒலிக்கும். அது சகஜம் என்பதால் கண்ணாடி அதைப் பற்றி யோசித்ததில்லை.

அவன் மனைவிக்கு ஆஸ்பத்திரி டெலிபோனில் வேலை. 'காத்திருங்கள்' என்று சொல்லிவிட்டு ஒரே மெட்டை நாளெல்லாம் மற்றவர்களுக்குப் போட்டுவிடுகிறவள். வீட்டுக்கு வந்தால் எந்தச் சத்தமும் வேண்டாம் என்பாள். ஆனால் அந்தப் பாதி வேக நாடா ஓடினால் மட்டும் கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டு வாசலில் சாய்ந்து நிற்பாள்.

"இதுவே நல்லாத்தானே இருக்கு" என்றாள் ஒருநாள். "இதையே வாசிங்களேன்."

"இது அது இல்லம்மா. இது படிக்கட்டு. வீடு மாடியில இருக்கு."

"எனக்குப் படிக்கட்டுலயே உக்காந்துக்கலாம் போல இருக்கு."

"உனக்கென்ன தெரியும், போ" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவள் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே துணி மடிக்கப் போனாள். கடைசியில் துடித்து நிற்கிற அந்தச் சுரத்தை, மூச்சு தீரும் வரை இழுத்தாள்.

கண்ணாடி அந்த மாடிக்குத்தான் ஏறினான். அந்த லிக்கின் உச்சியைத் தொட, சுட்டுவிரலைக் கிட்டார்க் கழுத்தின் கடைக்கோடியில் எல்லாக் கம்பியின் மேலும் தாழ்ப்பாள் போட்டதுபோல் குறுக்கே அழுத்தி வைக்க வேண்டும். அதை எடுக்காமல் சுண்டுவிரலை எட்டாத இடத்துக்கு நீட்ட வேண்டும். மோதிர விரல் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கும். மனுஷக் கைக்கு ஆகிற காரியம் இல்லை. கண்ணாடி விடவில்லை. வேலைக்குப் போகும் முன்னால் வாசித்தான், வந்த பிறகு வாசித்தான். வருஷங்கள் போயின. லிக் அங்குலம் அங்குலமாக வேகம் பிடித்தது.

கடையில் திருகாணிகள் கீழே விழ ஆரம்பித்தன. முதலில் அவன் திருகாணியைத் திட்டினான். அப்புறம் வெளிச்சத்தைத் திட்டினான். இடது கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போய், யாருடைய விரலையோ ஒட்டவைத்த மாதிரி இருந்தன. டாக்டர் முழங்கையைத் தட்டிப் பார்த்தார். விரலை விரிக்கச் சொன்னார். அது விரிந்த லட்சணத்தைப் பார்த்துவிட்டுத் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"முழங்கையில நரம்பு நசுங்கிப்போச்சு. கிட்டாரை ஓரம் கட்டுங்க. இப்ப விட்டா கொஞ்சமாவது திரும்பும். விடலைன்னா, அப்புறம் என்கிட்ட வராதீங்க, என்னால ஒண்ணும் ஆகாது."

"கொஞ்ச நாள் கழிச்சு விட்டா?"

"நான் தமிழ்லதானே சொன்னேன்" என்றார் டாக்டர்.

வீட்டில் மனைவி கேட்டபோது, "சும்மா பிடிப்பாம். தைலம் தேய்க்கச் சொன்னாரு" என்றான். அவள் அன்று முதல் தினமும் அவன் கைக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். அவள் தேய்ப்பது அந்த இரண்டு விரலிலும் அவனுக்குத் தெரியவில்லை. தெரிகிறது என்று சொன்னான். பாவி, அதைக்கூடச் சொன்னான்.

விட்டிருப்பானோ என்னவோ. அதற்குள் டமாரம் ஒரு செய்தி கொண்டுவந்தார். சூறாவளி ஊருக்கு வருகிறார். கச்சேரிக்கு இல்லை, ஒருநாள் வகுப்பு எடுக்க. அவருக்கு மணிக்கட்டு போய்விட்டதாம். கடைசியாக ஒரு முறை ஊர் ஊராகப் போய் வாசித்துவிட்டு நிறுத்தப்போகிறாராம். தன் பக்கத்தில் உட்கார்ந்து தன் பங்கை வாசிக்க ஒரு ஆளை இந்த மாதிரி வகுப்புகளில் தேடுகிறாராம்.

"மாப்ள, உன்னை விட்டா யாரு?" என்றார் டமாரம். விளையாட்டுப் பேச்சு பேசுகிறவர், அன்று முகத்தில் சிரிப்பே இல்லை. "அந்த லிக்கை அவங்க முன்னாடி போட்டுட்டு வா. மிச்சத்தை அவங்க பாத்துப்பாங்க."

கண்ணாடி வகுப்புக்குப் போகிறவரை ஒருநாள் விடாமல் வாசித்தான். மரத்த விரலைக் கண்ணால் பார்த்துப் பார்த்து இடத்தில் வைத்தான். வகுப்புக்கு முந்தின வாரம்தான் லிக் முழு வேகத்தைத் தொட்டது. நாடாவும் அவனும் ஒன்றாக ஆரம்பித்து ஒன்றாக முடித்தார்கள். அவன் தனியாக உட்கார்ந்து அழுதான். சந்தோஷத்தில்தான்.

வகுப்பு ஒரு பள்ளிக்கூடத்தின் இசை அறையில் நடந்தது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். கிட்டாரோடு பலர் வந்திருந்தார்கள். சூறாவளி என்றதும் கண்ணாடி ஆறடி உருவத்தை மனதில் வைத்திருந்தான். வந்தது ஒடிசலான ஒரு அம்மா. இடது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தார். பேச்சை வளர்க்கவில்லை.

"எனக்கு ஒரு ஆள் வேணும். எதுக்குன்னு தெரிஞ்சுதான் வந்திருக்கீங்க. ஆளுக்கு ஒண்ணு வாசிங்க. எனக்குப் பிடிச்சது எதையும் வாசிக்காதீங்க, உங்களுக்குப் பிடிச்சதை வாசிங்க."

ஒவ்வொருவராக வாசித்தார்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த பெண் பள்ளியில் பாட்டு டீச்சர். சாதுவாக ஒரு மெட்டு வாசித்தாள். இவன் முறை வந்தது. கையைத் தொடையில் துடைத்துக்கொண்டான். சுட்டுவிரலைத் தாழ்ப்பாள் போட்டான். மூச்சை இழுத்தான். போட்டான்.

ஒரு சுரம் தப்பவில்லை. அறையில் யாரோ "யப்பா" என்றார்கள். யாரோ கை தட்டினார்கள். சூறாவளி கை தட்டவில்லை.

"இன்னொரு தடவை" என்றார்.

வாசித்தான். இரண்டாவது தடவை முடிக்கும்போது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை தீப்பிடித்த மாதிரி ஓடி, அப்புறம் ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

"யாருங்க உங்களை இதை வாசிக்கச் சொன்னது?"

"உங்க ரெக்கார்டுல இருக்கிறதுதாம்மா."

"ரெக்கார்டுல நான் அதை வாசிக்கல."

அவனுக்குப் புரியவில்லை. சூறாவளி நாற்காலியை இழுத்து அவன் எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நான் மெதுவா ஒண்ணு வாசிச்சேன். கீழ்க் கம்பிகள்ல, தணிஞ்ச குரல்ல. ஒலிப்பதிவுக்காரர் விளையாட்டுக்கு நாடாவை ரெட்டை வேகத்துல ஓட்டிப் பாத்தாரு. குரல் ஏறிப்போய்க் கீச்சுனு கேட்டுச்சு. கம்பெனிக்காரங்களுக்கு அதான் பிடிச்சது. நான் வேண்டாம்னேன். யார் கேட்டா? வெளிய சொல்லாதேன்னாங்க. அது ஓடுச்சு. எனக்குப் பேரும் வச்சாங்க. அதை யாராலயும் வாசிக்க முடியாது. என்னாலயும் முடியாது. மேடையில அந்த இடம் வந்தா டிரம்ஸ்காரரைக் காட்டிட்டுத் தப்பிச்சுக்குவேன்." அவர் கண்ணாடியின் முகத்தையே பார்த்தார். "முடியாதுன்னு நான் நெனச்சிருந்தேன். நீங்க வாசிச்சுட்டீங்க. எனக்குச் சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல."

கண்ணாடியின் காதில் பாதி வேக நாடா ஓடியது. வாசலில் சாய்ந்து நிற்கிற மனைவி தெரிந்தாள். தினமும் கேட்டிருக்கிறான். வருஷக்கணக்காக அசலைக் கேட்டுக் கேட்டு, அதைப் படிக்கட்டு என்று மிதித்து ஏறியிருக்கிறான். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"இந்தக் கடைசிச் சுற்றுல அது பொறந்த மாதிரியே வாசிக்கப்போறேன்" என்று சூறாவளி எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். "எல்லாரும் கத்துக்கங்க. யாருக்கு வருதோ அவங்க என்கூட வரலாம்."

பட்டை கட்டிய கையால் மெல்ல வாசித்துக் காட்டினார். குறுக்கே அழுத்திப் பிடிக்கிற வேலையே அதில் இல்லை. "இந்தச் சுரத்துக்கு விரலே கிடையாது. சும்மா விட்ட கம்பி. தட்டினா தானா ஒலிக்கும்" என்றார். அந்த ஒரு சுரத்தைப் பிடிக்கத்தான் கண்ணாடி சுட்டுவிரலைத் தாழ்ப்பாளாக்கி, முழங்கையை மடக்கி, நரம்பை நசுக்கியிருந்தான். மற்றதெல்லாம் சின்னப்பிள்ளைக்குக்கூட வரும். கடைசிச் சுரத்தில் மட்டும் கொஞ்சம் வேலை இருந்தது. சுண்டுவிரலால் கம்பியைப் பிடித்து, மோதிர விரலைத் தோள் கொடுக்கவைத்து, மெதுவாக வளைத்து, அங்கேயே நிறுத்தி, லேசாக அசைத்துத் துடிக்கவிட வேண்டும்.

தேநீர் வருவதற்குள் எல்லோரும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பாட்டு டீச்சர் அந்தக் கடைசிச் சுரத்தை வளைத்து நிறுத்தியபோது அறை அடங்கிப்போனது. சூறாவளி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்து கண்ணாடியின் முன்னால் நின்றார். அவருக்கு அவன்மேல்தான் ஆசை இருந்தது. அது முகத்திலேயே தெரிந்தது.

"வாசிங்க. இதெல்லாம் உங்களுக்குத் தூசு."

வாசித்தான். கடைசிச் சுரம் வரை போனான். சுண்டுவிரல் கம்பியின் மேல் உட்கார்ந்தது. வளைக்கப் போனால், கம்பி விரலுக்கடியிலிருந்து நழுவி 'டர்' என்றது. மறுபடி வாசித்தான். மறுபடி நழுவியது. ஓட்டத்தில் அந்த விரல்கள் பழகிய தடத்தில் ஓடிவிடும். ஒரு இடத்தில் நிற்கச் சொன்னால்தான் அவற்றுக்கு இடம் தெரியவில்லை, கம்பி தெரியவில்லை, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை. அன்று மிச்சமிருந்த பலத்தையும் அவன் அந்த வேக லிக்கை இரண்டு தடவை வாசித்தே செலவழித்துவிட்டிருந்தான்.

சூறாவளி அவன் கையைப் பிடித்துத் திருப்பினார். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. தன் பட்டை கட்டிய கையால் அந்தக் குழியைத் தொட்டுப் பார்த்தார்.

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன்."

"விடச் சொன்னாங்களா?"

அவன் தலையாட்டினான்.

"இதுக்காகவா?" என்றார். "நான் வாசிக்காத ஒண்ணுக்காகவா?"

அவர் கையை விடவில்லை. அவனாகத்தான் இழுத்துக்கொண்டான். "மன்னிச்சுடுங்க" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. "பரவாயில்லம்மா" என்றான். பரவாயில்லையாம். மதியம் பாட்டு டீச்சரின் பெயரைச் சொன்னார்கள். அந்தப் பெண் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளக் கூச்சப்பட்டு இவன் பக்கமே பார்க்காமல் நின்றாள். கண்ணாடி கை தட்டினான். தட்டியது வலது கைக்கு மட்டும்தான் தெரிந்தது.

வெளியே டமாரம் வண்டியோடு காத்திருந்தார். முகத்தைப் பார்த்தார். வண்டியைக் கிளப்பினார். வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது மட்டும், "சனிக்கிழமை வருவியா மாப்ள?" என்றார். கண்ணாடி கிட்டார்ப் பெட்டியை வலது கைக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போனான்.

மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் சொன்னதையும் சொன்னான். தைலம் தேய்த்தபோது விரலில் தெரியவே இல்லை என்பதையும் சொன்னான். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. அவள் அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சுண்டுவிரலை அழுத்தினாள்.

"இது தெரியுதா?"

"இல்ல."

"இது?"

"இல்லம்மா."

அந்த விரலைத் தன் கைக்குள் மூடிக்கொண்டாள். அப்புறம், "அப்ப நான் கேட்டுட்டு நின்னேனே, அதுதான் அவங்க வாசிச்சதா?" என்றாள்.

"அதேதான்."

"அதை எனக்கு நீங்க வாசிச்சதே இல்லையே. டேப்புதான் வாசிச்சுது." குற்றம் சொல்கிற குரலில்லை. "ஒரு தடவை வாசிங்க."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கிட்டாரை எடுத்தான். தணிந்த குரலில், சும்மா விட்ட கம்பி தானாக ஒலிக்க, மெதுவாக வாசித்தான். கேட்பதற்கென்றே ஒருத்தி எதிரே உட்கார்ந்திருந்தாள். மென்றுகொண்டிருக்கவில்லை, வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவளுக்கு மனப்பாடமான மெட்டு என்பதால் உதடு கூடவே அசைந்தது. கடைசிச் சுரத்துக்கு முந்தியதை வாசித்துவிட்டுக் கண்ணாடி கையைக் கம்பியிலிருந்து எடுத்தான்.

அவள் காத்திருந்தாள்.

"கடைசியில ஒண்ணு நீளமா வருமே, அது எங்க?"

"அதுக்குத்தான் விரல் வேணும்" என்றான்.